சாகுல் அண்ணாச்சி விற்காத வழி

கொழும்பு வழியாக மகன் நாசருக்கு நான் பயணச்சீட்டு போட்டதைச் சாகுல் அண்ணாச்சி ஒப்புக்கொண்டிருப்பாரா? எனக்குத் தெரியவில்லை. இத்தனை ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து மேசையில்தான் இருந்தேன்.

போன வாரம் ஒரு காலை, அலுவலகத்தைத் திறந்துகொண்டிருந்தபோது அவருடைய மனைவி போனில் அழைத்தார்கள். மைனி அழவில்லை. "அவிய போயிட்டாவ தங்கச்சி. நாசரு துபாய்ல கெடக்கான். பிள்ளை வாப்பா மொகத்தப் பாக்க வேண்டாமா?" என்றார்கள். மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகை வரை அடக்கம் செய்யாமல் காத்திருக்க ஜமாத்தார் சம்மதித்தார்கள். அதற்குள் ஒரே மகன் வந்தாக வேண்டும்.

மேலப்பாளையத்தில் அண்ணாச்சி நடத்திய விமானச் சீட்டு அலுவலகத்தில், பொருளாதாரம் படித்துவிட்டு நான் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் வாரமே எங்களுக்குள் சண்டை, கொழும்பு போன்ற வழிகளைப் பற்றித்தான். இரண்டு நாட்டு அரசுகள் பேசி, வாரத்துக்கு இத்தனை இருக்கை, இன்னின்ன ஊர் என்று ஒப்பந்தம் போடுகின்றன. இரு நாட்டு விமான நிறுவனங்களும் அந்த அளவுக்குள்தான் பறக்கலாம். பள்ளி விடுமுறையில் இருக்கைகள் தீர்ந்துவிடும். அப்போது மூன்றாம் நாட்டு நிறுவனம் ஒன்று துபாயில் ஆளை ஏற்றி, கொழும்பு மாதிரி தன் ஊரில் இறக்கி, வேறு விமானத்தில் மதுரைக்குக் கொண்டுவரும். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. அண்ணாச்சியிடம் இல்லை.

"ரெண்டு வீட்டுக்குள்ள குடுக்கல் வாங்கல். நடுவுல அவனுக்கு என்ன சோலி?" என்பார். அந்த வழியை அவர் விற்றதே இல்லை. பயணிக்கு வீடு வந்து சேர்ந்தால் போதும் என்பது என் கட்சி. நம் நாட்டு நிறுவனங்கள் மீது அவருக்கிருந்த பற்று எனக்கு விளங்கியதில்லை. அவை அவருக்கு ஒரு காலண்டர்கூட அனுப்பியதில்லை.

ஒருமுறை சீட்டு வாங்க வந்த ஒருவர் பொறுமையிழந்து கேட்டார்: "நீரு டிக்கெட்டு விக்கீரா, எல்லையில காவலு நிக்கீரா?"

"ரெண்டுந்தான் வே. உக்காரும், சாயா குடியும்."

ஆனால் துபாயிலிருந்து துக்க வீட்டுக்கு வர யாருக்காவது இருக்கை கிடைக்காவிட்டால் அவர் சும்மா இருக்கமாட்டார். அதே விமானத்தில் ஊருக்கு வருபவர்களை ஒவ்வொருவராகப் போனில் அழைப்பார். "அந்தப் பையனுக்கு உம்மா மௌத்து வே. ஒம்ம எடத்த விட்டுக்குடும். அடுத்த வாரம் நான் ஏத்தி விடுதேன்." ஏசிக்கொண்டே விட்டுக்கொடுத்தார்கள். இவர் சொன்ன நொடியில் அங்கே ஒருவர் ரத்து செய்ய வேண்டும். இங்கே இவர் அதைப் பிடிக்க வேண்டும். சில நாள் தவறிவிடும். அன்று மட்டும், "வானத்துல எடம் கெடக்கு தங்கச்சி. ஒப்பந்தத்துலதான் இல்ல" என்பார்.

மைனி அழைத்த அன்று நானும் அவர் வழியில்தான் முயன்றேன். ஏர்வாடிக்காரர் ஒருவர், "அண்ணாச்சிக்கு இல்லாத எடமா?" என்று உடனே சம்மதித்தார். அவர் ரத்து செய்த இருக்கை எனக்கு வருமுன் வேறு யாருக்கோ போய்விட்டது. வேறு யாரும் விட்டுக்கொடுக்கும் நிலையில் இல்லை. திரையில் மிச்சமிருந்தது கொழும்பு வழி ஒன்றுதான். அண்ணாச்சியின் நாற்காலியைப் பார்க்காமல் போட்டேன்.

மறுநாள் நடந்தது இது. லுஹருக்குச் சற்று முன் மதுரையிலிருந்து நாசரின் கார் வந்து நின்றது. பயணப்பெட்டியை நடையில் போட்டுவிட்டு உள்ளே ஓடினான். மைனி ஐஸ்பெட்டியின் மேல் குனிந்து, "இந்தா பாருங்க, ஒங்க பிள்ளை வந்துட்டான். கொழும்பு வழியாத்தான் வந்திருக்கான். ஏசாதீய" என்றார்கள். அழுதுகொண்டிருந்த பெண்களில் இரண்டொருவர் சிரித்துவிட்டார்கள். நானும்தான்.

உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கும்போது நாசர் முன்பக்கம் தோள் கொடுத்தான். வாசலில் நின்றபடி, "போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்றேன். ஆண்கள் பள்ளிவாசலை நோக்கி நடந்தார்கள். கைப்பிடியில் கொழும்பு விமானத்தின் அடையாளச் சீட்டு தொங்க, நாசரின் பெட்டி நடையிலேயே கிடந்தது.