சீனாவுக்காக ஒரு மன்றாட்டு

மொன்றியலில் தையல் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டதற்குக் காரணம் நான்தான் என்று சிறுவயதில் நெடுநாள் நம்பியிருந்தேன். படித்தவர்கள் வேறு காரணங்கள் சொல்கிறார்கள். இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்ததாம், சீனாவில் கூலி குறைவாம். என் செபத்தை அவர்களில் ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை.

அப்போது எனக்குப் பத்து வயது. செயின்ட்-மிஷேல் பகுதியில் இருந்தோம். அப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அம்மாவும் பெரியம்மாவும் ஒரே பக்டரியில் குளிர்கால ஜக்கெட் தைத்தார்கள். பெரியம்மாதான் முதலில் அங்கே போனவர். பிறகு தங்கையையும் கூட்டிப்போய்ப் பக்கத்து மெசினில் இருத்தினார். பெரியம்மா சிப் வைப்பார், அம்மா கொலர் பிடிப்பார். தைத்த துண்டுக்குத்தான் சம்பளம் என்பதால் இருவரும் தண்ணீரைக்கூடக் குறைத்துத்தான் குடித்தார்கள். கழிவறைக்குப் போய்வருவதற்குள் சில கொலர்கள் தவறிவிடும். வீட்டுக்கு வரும்போது அம்மாவால் கழுத்தைத் திருப்ப முடியாது. கூப்பிட்டால் முழு உடம்போடும் சேர்ந்து திரும்புவார். நானும் அப்படியே திரும்பிக் காட்டுவேன். பெரியம்மா சிரிப்பார்.

அந்த ஆண்டு குளிர் தொடங்கும் முன் பக்டரிக்குப் பெட்டிகள் வரத் தொடங்கின. உள்ளே சீனாவில் தைத்து முடித்த ஜக்கெட்டுகள். இங்கிருந்த பெண்களுக்கு மிஞ்சியது நூல் நுனிகளை வெட்டுவதும் லேபல் வைப்பதும்தான். எனக்கோ அது பொற்காலம். அம்மா நேரத்தோடு வந்தார். கழுத்து திரும்பியது. இராச் சாப்பாட்டில் கடைப் பாண் போய் அம்மா அவித்த புட்டு வந்தது. எங்கோ யாரோ நல்ல மனிதர்கள் அம்மாவின் வேலையையும் சேர்த்துச் செய்கிறார்கள் என்று விளங்கிக்கொண்டேன். நூல் வெட்டுவதற்குக் கிடைத்த காசு கொலருக்குக் கிடைத்ததில் பாதிகூட இல்லை. அதுவும் எத்தனை நாளைக்கு என்று பெரியம்மாவும் அம்மாவும் குசினி அடுப்படியில் குசுகுசுத்தார்கள். நான் புட்டுக்குச் சீனி தேடிக்கொண்டிருந்தேன்.

ஒக்டோபர், செபமாலை மாதம். மாதா சுரூபம் தமிழ் வீடுகளில் ஒவ்வொன்றாகத் தங்கிப் போகும். எங்கள் வீட்டு முறை வந்தது. கூடம் நிறையப் பெண்கள் முழந்தாளில் நின்றார்கள். பாதிப்பேர் அதே பக்டரி, மீதிப்பேர் அதைப்போன்ற வேறு பக்டரிகள். செபமாலை முடிய ஆளுக்கொரு மன்றாட்டுச் சொல்வது வழக்கம். பெரியம்மா தன் வழக்கப்படி, கைவேலைக்குக் குறைவில்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டினார். எனக்கு அவர் சொல்லித் தந்திருந்தது நாங்கள் விட்டுவந்த நாட்டில் சமாதானம். ஆனால் எனக்கு முன்னால் நின்ற பெட்டைப் பிள்ளை அந்தச் சமாதானத்தை எடுத்துச் சொல்லி முடித்துவிட்டாள். ஒரே மன்றாட்டை இரண்டு தரம் சொன்னால் ஆண்டவருக்கு எரிச்சல் வரும் என்று எண்ணினேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அம்மாவின்ர பக்டரிக்குத் தைச்ச ஜக்கெட்டுகளை அனுப்புற சீனா ஆக்களுக்காக மன்றாடுறம். அவையள் இன்னும் கனக்க அனுப்ப வேணும். அம்மாவும் பெரியம்மாவும் இனி ஒண்டுமே தைக்கக் கூடாது."

பழக்கம் என்பது பெரிய விஷயம். கண்ணை மூடியபடி அத்தனை பெண்களும் ஒரே இராகத்தில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார்கள். சொல்லி முடித்த பிறகுதான் சிலர் கண்ணைத் திறந்தார்கள். அம்மாவின் குரல் மட்டும் 'எங்கள்' என்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

பிறகு கட்லட்டும் தேத்தண்ணியும் பரிமாறினோம். ஒரு மாமி என் கன்னத்தைக் கிள்ளி, "தம்பி, எங்கட பக்டரிக்கும் ஒண்டு சொல்லிவிடன், ஏன் குறை விடுவான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் பெருமையோடு சிரித்தேன். பெரியம்மா சிரிக்கவில்லை. அவர் சுரூபத்துக்கு முன்னால் இருந்த மெழுகுதிரியை, அது நேராக நின்றபோதும், நேராக்கிக்கொண்டிருந்தார்.

பனி கரைவதற்கு முன் என் மன்றாட்டு பலித்தது. ஒருநாள் பின்னேரம் அம்மா, மூடப்பட்ட பக்டரியில் தன் கதிரையில் போட்டிருந்த மெத்தைத் துண்டையும் கத்திரிக்கோலையும் ஒரு பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுநாளிலிருந்து பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். மற்றப் பிள்ளைகளுக்கெல்லாம் யாராவது வந்தார்கள். எனக்கு அதுவரை ஒருவரும் வந்ததில்லை. நான் அவரைக் கையில் பிடித்துக் காட்சிப்பொருள்போல நடத்திக்கொண்டு போனேன்.

ஒருநாள் என் சிநேகிதனின் புது ஜக்கெட்டை அம்மா அப்படியே பிடித்து நிறுத்தினார். கைப்பகுதியை உட்புறமாகப் புரட்டி, கொலரில் இருந்த சீனா லேபலையும் தையலையும் விரலால் தடவிப் பார்த்தார். சிநேகிதன் பயந்துபோய் நின்றான்.

"நல்லாத்தான் தைச்சிருக்கிறாளவை" என்றார் என்னிடம். பிறகு சிப்பைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிவிட்டு அவனை விட்டார். யார் அந்தப் பெண்கள் என்று நான் கேட்கவில்லை. அவர்களுடைய கழுத்து திரும்புமா என்றும் எனக்குத் தோன்றவில்லை.

பிறகு அம்மாவுக்கு ஒரு கார்டெரியில், சின்னப் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடத்தில், சமையல் வேலை கிடைத்தது. பெரியம்மாவுக்கு 'பொன்ஜூர்', 'மெர்சி' தவிர வேறு பிரெஞ்சு வராது. சிப் வைப்பதைத் தவிர வேறு தொழிலும் தெரியாது. கோடை முழுவதும் வேலை தேடிவிட்டு, ஜான்-டலோன் சந்தையில் ஒரு கடைக்குப் பின்னால் வெங்காயம் தெரிந்தெடுக்கும் வேலைக்குப் போனார். ஒரு சனிக்கிழமை அம்மாவோடு அங்கே போயிருந்தேன். பெரியம்மா விரல் நுனி வெட்டிய கையுறை போட்டு, அழுகியதை ஒரு பக்கமும் நல்லதை ஒரு பக்கமுமாகப் போட்டுக்கொண்டிருந்தார். பேச்சு வேண்டுமே என்று, ஆண்டவர் என் மன்றாட்டைக் கேட்டதை நினைவுபடுத்தினேன். இனி நீங்கள் தைக்கவே தேவையில்லை அல்லவா என்றேன்.

பெரியம்மா தலை நிமிரவில்லை. அவர் சொன்ன பதிலைப் பல வருடம் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஓமடா. இவ்வளவு காலமும் நான் கேட்டது ஒண்டும் அவருக்குக் கேக்கேல்லை. உன்ரதுதான் கேட்டுது."