கனகரின்ரை கடதாசி முயல்

முயலின்ரை தலையைக் கழட்டி, கழுத்துக்குள்ளை மூக்கை விட்டு மணந்து பாக்கிறார் கனகலிங்கம். வுப்பர்டாலிலை ஞாயிற்றுக்கிழமைப் பழஞ்சாமான் சந்தை, தூறல் மழை. சாமான் விக்கிற ஜேர்மன்காரன் குடைக்குக் கீழை நிண்டு, இந்தாள் என்ன மோப்ப நாயோ எண்ட மாதிரிப் பாக்கிறான். கனகர் அதைக் கண்டுகொள்ள மாட்டார். பழைய சீனியும் பசையும் சேந்த ஒரு புளிச்ச மணம் வந்தால் முயல் கிழடு. பெயின்ற் மணம் வந்தால் புதுசு. "இது நேற்றுப் பிறந்தது" எண்டு அவனுக்குத் தமிழிலையே சொல்லிப்போட்டு, அடுத்த மேசைக்கு நடப்பார்.

நூறு வருசத்துக்கு முந்தி, துய்ரிங்கன் பக்கத்துச் சனம் கடதாசியை ஊறவைச்சு, பசை போட்டு, அச்சிலை அமத்திச் செய்த பொம்மையள் இதுகள். ஈஸ்டருக்கு முயல், நத்தாருக்குத் தாடிக்காரக் கிழவன், வருசப்பிறப்புக்குப் பண்டிக்குட்டி. தலையைக் கழட்டினால் உள்ளுக்கை வெறும் குழாய். அதுக்குள்ளை இனிப்பை நிரப்பிப் பிள்ளையளுக்குக் குடுக்கிறது. பிள்ளையள் இனிப்பைத் திண்டுபோட்டுப் பொம்மையை உடைச்சுப்போடுங்கள். அப்பிடி உடையாமல் தப்பினதைத்தான் கனகர் தேடித் தேடிப் பொறுக்கிறார்.

வேலை, ஒரு அடுக்குமாடித் தொகுதிக்கு ஹவுஸ்மைஸ்டர், கட்டடத்தைப் பராமரிக்கிற ஆள். ஆற்றையேன் குழாய் அடைச்சால் பாதிச் சோத்திலை எழும்பி ஓடுவார். அந்தளவுக்கு நல்ல மனுசன். ஆனால் அவற்றை கண்ணாடி அலுமாரிக்குக் கிட்டப் போனால் ஆள் வேறை. "தேத்தண்ணியை அங்கை வைச்சிட்டு வாங்கோ. மூச்சைக் கொஞ்சம் அங்கால விடுங்கோ." தம்பித்துரை எண்ட அவற்றை கூட்டாளி ஒருக்கால் கேட்டான்:

"உதுக்குள்ளை என்ன இருக்கு?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாததையோ இந்தப் பூட்டுப் பூட்டி வைச்சிருக்கிறாய்?"

கனகர் அண்டையிலை இருந்து அவனோடை ரெண்டு மாசம் கதைக்கேல்லை.

இந்த வருசம்தான் ஆளுக்கு மவுசு வந்தது. ஊர் நூதனசாலையிலை பண்டிகைப் பொம்மைக் கண்காட்சி. அதைப் பொறுப்பெடுத்த ஜேர்மன் மனுசி வீட்டுக்கு வந்து அலுமாரியைப் பாத்திட்டு, கண்ணாடிக் கண் வைச்ச மண்ணிறப் பெரிய முயலிலை போய் நிண்டிட்டா. அதை நடுவிலை வைக்கப் போறமெண்டா. பக்கத்திலை வைக்கிற அட்டையையும் அனுப்பினா: "கனகலிங்கத்தின் சேகரிப்பிலிருந்து." இத்தினை வருச ஜேர்மன் சீவியத்திலை அவற்றை பேர் வாசல் மணியிலையும் கடிதத்திலையும் தான் இருந்தது. கனகர் அந்த அட்டையைக் காருக்குள்ளை வைச்சுக்கொண்டு திரிஞ்சார்.

அந்த நேரம் பாத்துத்தான் ஆதிரை பெரியபிள்ளையான சாமத்தியவீடு வந்தது. ஆதிரை, கனகரின்ரை மனுசி மைதிலியின்ரை தங்கச்சி மகள். கெல்சென்கிர்ச்சனிலை மண்டபம், மேசைச் சோடினை மைதிலியின்ரை பொறுப்பு. கனகர் வேலைக்குப் போயிருக்க, மைதிலி அலுமாரியைத் திறந்து பொம்மையளை எடுத்து, உள்ளுக்கை ரொபி நிரப்பி மேசைக்கு ஒண்டாய் வைச்சிட்டா. "இனிப்புப் போடுற சாமானுக்கை இனிப்புப் போட்டது பிழையோ?" எண்டு அவ இண்டைவரைக்கும் கேக்கிறா.

அதோடை விட்டாலும் பறவாயில்லை. கடைசியிலை தங்கச்சிக்காரி மைக்கைப் பிடிச்சு, "மேசையிலை இருக்கிறதெல்லாம் உங்களுக்குத்தான், எடுத்துக்கொண்டு போங்கோ" எண்டிட்டா. எங்கடை சனத்துக்கு அதை ரெண்டாந்தரம் சொல்ல வேணுமோ? கனகர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கொண்டு கார் தரிப்பிடத்திலை நிண்டு, பண்டிக்குட்டியையும் தாடிக்காரரையும் மீட்டார். பெரிய முயல் மட்டும் போயிட்டுது.

சாமத்தியவீட்டு வீடியோ வந்த உடனை ஆள் அதுக்கு முன்னாலை குந்தினார். ஆதிரை தோழியளோடை நடந்து வாறதை ஓட்டி விட்டார், ஆலாத்தியை ஓட்டி விட்டார், கேக் வெட்டினதையும் ஓட்டி விட்டார். கடைசியிலை சனம் கலையிற இடத்திலை நிப்பாட்டினார். விருந்துக்கு வந்த கமலாம்பிகை அக்கா, பச்சைச் சீலை, முயலை அப்பிடியே தூக்கிப் பலகாரப் பைக்குள்ளை வைக்கிறா.

"குடுத்ததைத் திருப்பிக் கேட்டால் என்ரை தங்கச்சியின்ரை மானம் என்ன ஆகிறது?" எண்டு மைதிலி தடுத்தா. ரெண்டு பேருமாய் ஒரு வழி கண்டுபிடிச்சினம். வெள்ளி முலாம் பூசின வடிவான டப்பா ஒண்டு வாங்கி, கற்கண்டு நிரப்பி, மாத்திக்கொண்டு வாறது. அடுத்தநாள் நூதனசாலைக்குப் பொம்மையள் போகவேணும்.

கமலாம்பிகை அக்கா கெல்சென்கிர்ச்சனிலை தனிச்சு இருக்கிறா. ஆஸ்பத்திரி லோண்டறியிலை ஈரத் துணி பிழிஞ்சே பென்சன் எடுத்தவ. கனகர் உள்ளுக்கை போய், கதிரையிலை இருக்க முந்தியே முயலைக் கண்டிட்டார். சாமித்தட்டிலை, பிள்ளையாருக்கும் அம்மாளுக்கும் நடுவிலை.

"வாரும் தம்பி. முதல் திருநீறு பூசும்" எண்டு அக்கா முயலின்ரை தலையைக் கழட்டி, உடம்பை நீட்டினா.

கனகருக்குக் கை போகேல்லை. கழுத்துக் குழாய் முட்டத் திருநீறு. பிறகு ஒரு விரலை மெல்ல விட்டு எடுத்து நெத்தியிலை பூசினார். பூசிப்போட்டு டப்பாவை எடுத்து நீட்டினார்.

"திருநீறு வைக்க இது வடிவாயிருக்குமக்கா. முயலை நான்..."

அக்கா டப்பாவை வாங்கி மூடியைத் திருகினா. விரலெல்லாம் ஒரு பக்கம் மடங்கிப் போன கை. வழுக்கிச்சுது. சீலைத் தலைப்பாலை பிடிச்சுத் திருகினா, அதுக்கும் அசையேல்லை.

"திறந்து தாரும் தம்பி."

கனகர் திறந்து குடுத்தார். அக்கா ஒரு கற்கண்டை வாயிலை போட்டா.

"நல்ல சாமான். ஆனா உதைத் திறக்க நாளும் பொழுதும் உம்மையெல்லோ கூப்பிட வேணும். முந்தித் திருநீறு வைச்சிருந்த செம்பும் உப்பிடித்தான், என்ரை கைக்கு ஏலாது. இந்த முயல் எண்டால் ரெண்டு விரலுக்கு வருகுது. பாவம், ஒரு சத்தமும் போடாது." முயலுக்குத் தலையை வைச்சு அதின்ரை இடத்திலை இருத்தினா. "முயலை நீர் என்னவோ எண்டு சொன்னனீர்?"

"வடிவாயிருக்கெண்டு சொல்ல வந்தனான்."

அந்த நேரம் போன் அடிச்சுது. நூதனசாலை மனுசி. நாளைக்கு முயலை எத்தினை மணிக்குக் கொண்டு வாறீங்கள் எண்டு கேட்டா. கனகர் சாமித்தட்டைப் பாத்தார்.

"முயல் வராது" எண்டார் ஜேர்மன் பாசையிலை.

"ஏன், உடைஞ்சு போச்சோ?"

"இல்லை. அதுக்கு வேலை கிடைச்சிட்டுது. மற்றதுகளைக் கொண்டு வாறன்."

"ஆருக்குத் தம்பி வேலை?" எண்டு, அந்த ஒரு சொல்லு மட்டும் பிடிபட்ட அக்கா கேட்டா.

"தெரிஞ்ச ஒராளுக்கக்கா."

"நல்லது. இரும், தேத்தண்ணி ஊத்துறன்" எண்டு அவ குசினிக்குப் போனா.

கனகர் சாமித்தட்டடிக்குப் போனார். விளக்குத் திரி நீட்டாய் எரிஞ்சு கொண்டிருந்தது, முயலின்ரை காதுக்குக் கிட்ட. முயலிலை கை வைக்கேல்லை. விளக்கை ரெண்டு கையாலையும் தூக்கி, ஒரு சாண் தள்ளி வைச்சார்.