கரும்பலகையில் எங்கள் குடும்பம்

திருவனந்தபுரத்தில் ஒரு வீட்டுக்குத் தாய்மாமன் வந்தால் பிள்ளைகள் எழுந்து நிற்பார்கள். என் தோழி கிரிஜாவின் வீட்டில் முதன்முதலாக இதைப் பார்த்தபோது, யாரோ இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார் என்றே நினைத்தேன். வந்தவர் அவளுடைய அம்மாவன், அதாவது அம்மாவின் அண்ணன். அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். நாங்குநேரிப் பக்கம் எங்கள் ஊரில் மாமன் வந்தால் நாங்கள் முதுகில் ஏறுவோம், சட்டைப் பையைத் துழாவுவோம். பெண் பிறந்தால், மாமனுக்குப் பொண்டாட்டி வந்தாச்சு என்று தொட்டிலருகிலேயே சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கேலி நிஜமாகிவிட்டது. என் அப்பா என் அம்மாவுக்குத் தாய்மாமன். அம்மாவைப் பெற்ற ஆச்சியின் ஒரே தம்பி. ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள், இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எழுபதுகளில் அப்பாவுக்குத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் ஒரு பாத்திரக் கடையில் வேலை கிடைத்து, நாங்களும் கூடவே வந்தோம். நான் ப்ரீ டிகிரியில் சோஷியாலஜி எடுத்தேன். சமூகத்தைப் பற்றிய படிப்பு என்றார்கள். சமூகம் என்றால் மற்றவர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

குடும்பமும் உறவுமுறையும் என்றொரு பாடம். ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு இரண்டு சிறு கோடு, உடன்பிறப்புக்கு மேலே ஒரு நீளக் கோடு. டீச்சருக்குத் தமிழ்ப் பெண் என்று என்மேல் தனிப் பிரியம். அந்தப் பிரியத்தில்தான் என்னைக் கூப்பிட்டு என் குடும்பத்தைப் பலகையில் வரையச் சொன்னார். கீழே என்னை வட்டமாகப் போட்டேன். மேலே அப்பா, அம்மா. அம்மாவுக்கு மேலே தாத்தா, ஆச்சி. பிறகு அப்பாவின் உடன்பிறந்தவர்களைப் போடச் சொன்னார். அப்பாவுக்கு ஒரே அக்கா. அவள் ஏற்கெனவே பலகையில் இருந்தாள், அம்மாவின் தாயாக. ஆச்சியின் வட்டத்திலிருந்து, அம்மாவின் தலைக்கு மேலாக, அப்பாவின் முக்கோணத்துக்கு ஒரு நீளக் கோடு இழுத்தேன்.

டீச்சர் சிரித்தபடி டஸ்டரை எடுத்து அந்தக் கோட்டை அழித்தார். "தெற்றிப்போயி, மோளே."

தப்பு என்று வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பேசாமல் இருந்திருப்பேன். அப்பாவை அழித்தால் எப்படிப் பொறுப்பது? அதே கோட்டை இன்னும் அழுத்தமாகப் போட்டேன்.

"அப்போ அம்மயெ கெட்டியது சொந்தம் அம்மாவனாணோ?"

"அதெ டீச்சர்" என்று தலையாட்டினேன்.

பின் பெஞ்சில் ஒருத்தி மெதுவாக, "அய்யே" என்றாள். டீச்சர் அவளை அதட்டினார். யாரைக் கட்டக்கூடாது என்பது ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒவ்வொரு மாதிரி, இதில் கேவலம் ஒன்றுமில்லை என்று நெடுநேரம் விளக்கினார். அவர் விளக்க விளக்க எனக்கு அவமானம் கூடிக்கொண்டே போனது. கடைசியில், "நல்ல எக்ஸாம்பிள். எல்லாரும் வரச்செடுக்கூ" என்றார். வகுப்பு முழுவதும் குனிந்து என் அப்பாவையும் அம்மாவையும் நோட்டில் வரைந்துகொண்டது.

அதே வகுப்பில் இருந்த கிரிஜா மட்டும் எதுவும் கேட்கவில்லை. முன்பே சொல்லிவைத்திருந்தபடி அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தாள். அம்மா உளுந்த வடை சுட்டிருந்தாள். அன்று அப்பாவும் வழக்கத்துக்கு மாறாகக் கடையிலிருந்து வீட்டுக்கே சாப்பிட வந்தார்.

"மாமா, கை கழுவிட்டு வாங்க. பிள்ளையோட கூட்டாளி வந்திருக்கா" என்றாள் அம்மா.

மாமா என்று காதில் விழுந்ததும் கிரிஜா சட்டென்று எழுந்து நின்றாள், அவள் வீட்டில் நிற்பதைப் போலவே. நின்ற பிறகுதான் பலகை நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் சிவந்துவிட்டது. "ஞான் போட்டே" என்று சொல்லி, வடையைத் தொடாமலே போய்விட்டாள்.

"ஏட்டி, அந்தப் பிள்ள ஏன் அப்படிப் பாத்துது? நான் எதும் தப்பாச் சொல்லிட்டேனா?"

"இங்க மாமான்னா அப்பா மாதிரிம்மா. கட்டிக்கிட மாட்டாங்க."

அம்மா கிரிஜாவின் தட்டிலிருந்த வடைகளை எடுத்துத் திரும்பச் சட்டியில் போட்டாள். "அப்போ நம்மள என்னன்னு நெனைப்பாவ?" என்றாள்.

திங்கட்கிழமை காலை கடைக்குக் கிளம்பிய அப்பாவிடம் அம்மா தூக்குச்சட்டியை நீட்டி, "இந்தாங்க" என்றாள். அப்பா திரும்பவில்லை. வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று தெருவைப் பார்த்தார். "உங்களத்தான்" என்றாள். பேச்சு வந்த நாளிலிருந்து அவரை மாமா என்றே கூப்பிட்டவள். அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தூக்குச்சட்டியை வாங்கிக்கொண்டு போனார். மாமான்னே கூப்பிடும்மா என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

எல்லை தாண்டிப் பிழைக்க வந்தவர்கள் எதையாவது ஒன்றை அங்கேயே விட்டுவிட்டுத்தான் வருகிறோம். ஊருக்குப் போகும் பஸ் எல்லையிலுள்ள களியக்காவிளைச் சோதனைச்சாவடியைக் கடந்ததும் அம்மா, அப்பா உட்கார்ந்திருக்கும் முன்சீட்டைத் தட்டுவாள். "மாமா, தண்ணி குடிக்கியளா?" அதுவரை விழித்திருக்கும் அப்பா, குடித்துவிட்டுத் தூங்கிப்போவார். திரும்பும்போது மார்த்தாண்டம் தாண்டியதுமே, எல்லை நெருங்க நெருங்க, அவளுக்கு ஒரு அவசரம் வந்துவிடும். "மாமா, பை அங்க இருக்கா? மாமா, வெயில் அடிக்கா? மாமா, தூங்கிட்டியளா?" அப்பா எல்லாவற்றுக்கும் ம் கொட்டுவார். சாவடியில் பஸ் நின்றதும் அம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.