எட்டாவது பெயர்

மொன்றியலின் பியர்பொன்ட்ஸ் பகுதியில் நாங்கள் இருந்த வீட்டுக்கு வாரத்தில் ஒருமுறையாவது ஓர் இறந்த மனிதருக்குக் கடிதம் வரும். அண்ணை அந்த வீட்டை அவருடைய பிள்ளைகளிடமிருந்துதான் வாங்கினார். மனிதர் செத்து மூன்று வருடமாகியும் விமானக் கம்பெனிகளும் கப்பல் சுற்றுலாக்காரரும் அவரை விடுவதாயில்லை. கிரேக்கத் தீவுகளுக்கு வாருங்கள், மொராக்கோவுக்கு வாருங்கள், உங்கள் ஆசனம் காத்திருக்கிறது என்று வழவழப்பான தாளில் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார்கள். ஒருநாள் நான் அவற்றையெல்லாம் சேர்த்து, தபால் கொண்டுவரும் பெண்ணிடம் நீட்டி, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் "இல் எ மோர், மதாம்" என்றேன். ஆள் செத்துப்போய்விட்டார் என்பதுதான் நான் சொன்னது. அவள் இழவு வீட்டுக்கு வந்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டு வாங்கிப்போனாள். அடுத்த வாரமே இன்னும் இரண்டைக் கொண்டுவந்து தந்தாள். கொம்பியூட்டருக்கு அது தெரியாது என்று கையை விரித்தாள்.

அந்தக் கடிதங்களைப் பிரித்து வாசிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அந்த மனிதர்மேல் பொறாமை. ஊரில் இருந்து இதை வாசிக்கும் நீங்கள், கனடாவில் இருக்கிறவனுக்கு என்ன குறை, நினைத்த இடத்துக்குப் பறப்பான் என்று எண்ணுவீர்கள். நான் இரண்டாயிரத்தோராம் ஆண்டு பதினேழு வயதில் மொன்றியலுக்கு வந்தவன். அகதியாக ஏற்றுக்கொண்டார்கள், டவுன்டவுனில் பல்கலைக்கழகம் போக விட்டார்கள், நீர்ப் பொறியியல் படித்தேன். ஆனால் பயணப் பத்திரம் இல்லாததால் ஐந்து வருடமாக நாட்டைவிட்டு ஓர் அடி வெளியே வைக்கவில்லை. எங்கள் வீட்டிலிருந்து ஒரு மணித்தியாலம் காரை ஓட்டினால் அமெரிக்க எல்லை. என்னோடு படித்த பிள்ளைகள் சப்பாத்து வாங்கக்கூட அங்கே போய் வருவார்கள். வெர்மொன்டில் ஓர் அணைக்கட்டைப் பார்க்க வகுப்பே பஸ்ஸில் போனபோது, நான் காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். பொஸ்டனில் ஒரு மாநாட்டுக்கு என் பெயரைக் கொடுத்தார்கள், அதற்கு அண்ணியைச் சுகமில்லாதவளாக்கினேன். ஐந்து வருடத்தில் எங்கள் வீட்டில் நான் வரவழைக்காத வருத்தமில்லை.

இது எனக்குப் புதிதல்ல என்பதுதான் எரிச்சல். நான் மன்னார்த் தீவில் பிறந்தவன். பெருநிலத்துக்குப் போக, இராணுவச் சோதனைச்சாவடியில் காட்ட, எங்களுக்கு ஒரு துண்டுக் கடதாசி வேண்டும், பாஸ் என்போம். வவுனியாவில் நல்ல கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். பாஸ் கிடைக்கிற நாளில் வகுப்பு இராது, வகுப்பு இருக்கிற நாளில் பாஸ் கிடையாது. என் வகுப்பில் என்னைவிடக் கெட்டிக்காரர் மூன்று பேர் அந்தச் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கமே நின்று வயதைத் தொலைத்தார்கள். அதைக் கடந்துதானே நான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று நினைத்திருந்தேன். மொன்றியலும் ஒரு தீவுதான். பாலங்கள் நிறைய இருப்பதால் அது உடனே தெரிவதில்லை.

கடைசி வருடத்துக்கு முந்திய குளிர்காலத்தில் எங்கள் பேராசிரியர் என்னைக் கூப்பிட்டு, பிரான்சில் கிரெனோபிள் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு ஒரு மாணவனை எடுக்கிறார்கள், உன் பெயரைத்தான் அனுப்பியிருக்கிறேன் என்றார். செப்டெம்பரிலிருந்து எட்டு மாதம். முடித்தவர்களுக்கு அங்கேயே வேலையும் ஆராய்ச்சிப் படிப்பும் கிடைப்பது வழக்கமாம். நான் அன்று மெத்ரோவில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன், அவ்வளவு சந்தோஷம். பயணப் பத்திரம் எடுக்க முதலில் நிரந்தர வதிவிடம் வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். நான் வரும்போது கொண்டுவந்தது தேசிய அடையாள அட்டையின் ஒரு பிரதி மட்டும்தான்.

பிறப்புச் சான்றிதழை எடுத்து அனுப்புங்கள் என்று அம்மாவிடம் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கந்தோர் பூட்டு, கிளாக்கர் லீவு, மழை, திருவிழா என்று ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்வார். அம்மா ஊரிலிருக்கும் ரெலிபோன் கடைக்கு வரமாட்டார். பஸ் ஏறி மன்னார் ரவுனுக்கு வந்து, அங்கே ஒரு கடையில் காத்திருப்பார், நான் எடுக்க வேண்டும். என் பெயரைச் சொல்லி ஒருநாளும் கூப்பிட்டதில்லை. "என்ர பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் என்னம்மா?" என்று ஒருமுறை கேட்டேன். "பேர் என்னத்துக்கு மகன், குரல் காணும்" என்று சிரித்தார். பட்டமளிப்புக்கு முன்னோட்டமாக எடுத்த படம் ஒன்றை அனுப்பட்டுமா என்றதற்கு, அனுப்ப வேண்டாம், வீட்டில் வைக்க இடமில்லை என்றார். எங்கள் வீட்டுச் சுவர் அவ்வளவு சின்னதல்ல. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

பொறுமை கெட்டு, அம்மாவுக்குச் சொல்லாமல், அண்ணையின் சிநேகிதருக்குத் தெரிந்த கொழும்புக்காரர் ஒருவரிடம் என் விபரங்களை அனுப்பினேன். மார்ச் மாதம், பனி உருகி வீதியெல்லாம் சேறாக இருந்த ஒரு மத்தியானம் உறை வந்தது. பிறப்புச் சான்றிதழ் சரியாகவே இருந்தது. சந்தியாப்பிள்ளை அமல்ராஜ், தகப்பன் பெயர், தாய் பெயர், திகதி எல்லாம் சரி. அதோடு இன்னொரு தாளைக் குண்டூசியால் குத்தியிருந்தார்கள். அது இறப்புச் சான்றிதழ். சந்தியாப்பிள்ளை அமல்ராஜ், வயது பதினேழு, கடலில் மூழ்கி மரணம். கொழும்புக்காரர் சின்னத் துண்டில் நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தார்: "தம்பி, நீங்கள் கேட்ட ஆள் காலமாகிவிட்டதாகப் பதிவு சொல்கிறது. சரியான ஆளின் விபரத்தை அனுப்பவும்."

நான் அந்தத் தாளைப் படிகளிலேயே நின்று மூன்றுதரம் வாசித்தேன். பயமாக இருக்கவில்லை, முதலில் சிரிப்புத்தான் வந்தது. பயம் பிறகு, சின்னச் சின்ன இடங்களில் வந்தது. பல்கலைக்கழகக் கழிப்பறையில் கையை நீட்டினால் தானாகத் தண்ணீர் வரும் குழாய்கள். அந்த வாரம் நான் கையை நீட்டியபடி நின்றேன், வரவில்லை. பக்கத்துக் குழாய்க்கு மாறினேன், அதிலும் இல்லை. எனக்குப் பின்னால் வந்த பையன் நான் விட்ட குழாயில் கையை நீட்டினான், தண்ணீர் கொட்டியது. பியர்பொன்ட்ஸ் வீதிகளில் எப்போதும் ஆள் நடமாட்டம் கிடையாது, வீட்டுக்கு வீடு வெளிச்சம் மட்டும் எரியும். பஸ் தரிப்பில் கையைக் காட்டி நின்ற என்னைக் கடந்து பஸ் போய்விட்டது. சாரதி என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் போனார். இதெல்லாம் எவருக்கும் நடப்பதுதான். ஆனால் அந்தத் தாள் சட்டைப் பையில் இருக்கும்போது நடந்தால் மனம் வேறு கணக்குப் போடும்.

உறை வந்த அன்றைக்கே அண்ணையிடம் தாளைக் காட்டியிருந்தேன். அண்ணை என்னைவிடப் பதினொரு வயது மூத்தவர், எனக்கு ஏழு வயதாக இருக்கும்போது கனடா வந்தவர். அவர் அதை வாசிக்கவே இல்லை. மடித்து மேசையில் வைத்தார்.

"உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம். தெரிஞ்சால் நீ படிக்கமாட்டாய் எண்டு அம்மா சொன்னவ."

நான் ஊரைவிட்டு வெளிக்கிட்ட மாதம்தான் இந்தியாவுக்குப் போன ஒரு படகு கவிழ்ந்தது. எங்கள் ஊர்ப் பொடியன்கள் ஏழு பேர் அதில் போனார்கள், ஒருவரின் உடலும் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் என்னைத் தேடி வீட்டுக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். ஆமியும் இயக்கமுமாக இரண்டு பக்கத்தாரும் வந்தார்கள். மகன் எங்கே என்ற கேள்விக்கு அம்மா ஒரு பதிலைக் கண்டுபிடித்தார். அவனும் அந்தப் படகில்தான் போனான் என்றார். ஊர் விதானைக்கு, அதாவது கிராம அலுவலருக்கு, உண்மை தெரியும், ஆனாலும் இரக்கப்பட்டுக் கையெழுத்து வைத்தார். ஏழு பேரோடு எட்டாவதாக என் பெயரும் பதிவேட்டில் ஏறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் அம்மா ஒன்றையும் மறைக்கவில்லை.

"செத்தவனை ஆரும் தேடமாட்டினம் மகன். வேற என்ன செய்ய? முப்பத்தோராம் நாள் பூசையும் குடுத்தனான். அந்த ஏழு தாய்மாரோடயும் இருந்து நானும் அழுதனான். பொய்க்குத்தான் அழத் தொடங்கினனான், பேந்து நிப்பாட்டத் தெரியேல்லை."

லைனில் யாரோ மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, அது என்னுடையதுதான் என்று கொஞ்சம் பொறுத்தே தெரிந்தது. "நீ சொன்னால் நான் நாளைக்கே கந்தோருக்குப் போய் உண்மையைச் சொல்லுறன்" என்றார் அம்மா.

டவுன்டவுனில் எனக்குச் சட்ட உதவிக்குத் தந்த பெண் வக்கீல் நல்ல மனுசி. மொழிபெயர்த்த தாளை வாசித்துவிட்டு, எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "மெ கொண்டோலேயான்ஸ்" என்று அனுதாபம் சொன்னார். உன் அண்ணனா, தம்பியா என்று கேட்டார். "நோன், மதாம். செ முவா" என்றேன். அது நான்தான் என்று. அவர் பிடித்திருந்த கையை விட்டுவிட்டார். அதைப் பிழை சொல்ல மாட்டேன், யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். பிறகு நிதானமாக விளக்கினார். இந்தத் தாளை இங்கே கொடுத்தால், அப்படியென்றால் நீ யார் என்றுதான் முதலில் கேட்பார்கள், அகதி நிலையையே திரும்பக் கிளறுவார்கள். அண்ணை சாட்சி சொல்லலாம், ஆனால் ஏழு வயதில் விட்டுப்போன தம்பியை அடையாளம் காட்டுவது பெலமான சாட்சியில்லை. பதிவை ஊரில்தான் திருத்த வேண்டும். அதற்கு ஆள் நேரில் போய் நிற்க வேண்டும். அல்லது அம்மாவும் விதானையும் பொய் எழுதினோம் என்று சத்தியக் கடதாசி முடிக்க வேண்டும். உயிரோடு இருக்கிறேன் என்று காட்டுவதற்குப் பயணம் போக வேண்டும், பயணம் போவதற்கு உயிரோடு இருக்கிறேன் என்று காட்ட வேண்டும். இதைச் சொல்லிவிட்டு அவரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது சமாதான காலம் முடிந்துகொண்டிருந்த வருடம். ஊரில் திரும்பவும் வீடு வீடாக வந்து கேட்கத் தொடங்கியிருந்தார்கள், ஆட்கள் காணாமல் போனார்கள். அப்படியான நேரத்தில் அறுபது வயதுப் பெண் கந்தோரில் போய் நின்று, என் மகன் சாகவில்லை, நான்தான் எல்லாரையும் ஏமாற்றினேன் என்று சொல்ல வேண்டும். விதானைக்கு மூன்று பெண் பிள்ளைகள். நான் இரண்டு கிழமை யோசித்தேன். யோசித்தேன் என்பதுகூடப் பொய், கிரெனோபிள் நகரத்து வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலையடிவாரத்தில் இரண்டு ஆறுகள் சேரும் இடம் அது. அம்மாவுக்கு எடுத்து, ஒன்றும் சொல்ல வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்றேன். அந்தப் பக்கம் அம்மா பெருமூச்சு விட்டது ஆறுதலாலா துக்கத்தாலா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்குக் கோபம்தான் இருந்தது. என்னைக் காப்பாற்றிய மனுசியின்மேல் கோபப்படுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தும் கோபப்பட்டேன்.

என் இடம் கார்த்திக்குக்குப் போனது. சென்னைப் பையன், வந்து ஒரு வருடம்தான், அந்த நீலப் பாஸ்போர்ட்டைச் சட்டைப் பையில் பஸ் டிக்கெட்போல வைத்துக்கொண்டு திரிவான். "மச்சி, நீ ஏன்டா வேணாம்னு சொன்ன? உனக்குதான் வந்திருக்கணும்" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டான். வீட்டில் பிரச்சினை என்றேன். ஓகஸ்ட்டில் போய்விட்டான். இப்படி எத்தனை பேர் தங்களுக்கு வந்ததை இன்னொருவன் கையில் கொடுத்துவிட்டு, வீட்டில் பிரச்சினை என்று சொல்லியிருப்பார்கள்? அவர்கள் வராத கூட்டங்களில் அவர்களைப் பற்றி யாரும் குறிப்பெழுதுவதில்லை. கெட்டிக்காரன்தான், ஆனால் முயற்சி காணாது என்று பேராசிரியர் என்னைப் பற்றிச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்.

நவம்பர் முதல் ஞாயிறு, இறந்தவர்களுக்கான தமிழ்ப் பூசை. மத்தியானம் இரண்டு மணிக்கு அண்ணையோடு தேவாலயத்துக்குப் போனேன். எங்கள் ஆட்கள் தங்கள் வீட்டு இறந்தவர்களின் பெயர்களைத் துண்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள், பூசையில் ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். ஒரு துண்டில் எங்கள் ஊரின் பெயர் வந்தது. நான் நிமிர்ந்தேன். படகில் போன ஏழு பேரையும் வாசித்தார்கள், ஒவ்வொரு முகமும் எனக்குத் தெரியும். எட்டாவதாக என் பெயரை வாசித்தார்கள். எல்லோரும் சேர்ந்து அந்த ஆன்மாக்களுக்கு இளைப்பாறுதல் கேட்டார்கள். பழக்கதோஷத்தில் நானும் வாய் திறந்து கேட்டுவிட்டேன். பக்கத்தில் அண்ணை மட்டும் பேசாமல் நின்றார்.

பூசை முடிந்து, கதவோரம் மெழுகுதிரி ஏற்றும் மேசையடியில் ஓர் இளம் பெண் என்னைப் பார்த்தபடி நின்றாள். பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்த மெற்றில்டா. கலியாணமாகிப் பக்கத்து நகரமான லாவாலுக்கு வந்து ஒரு மாதமும் ஆகவில்லை என்று பிறகு அறிந்தேன். அவளுடைய அண்ணன் அந்தப் படகில் போனவன், ஏழு பேரில் மூன்றாவது பெயர். அவள் முகத்தில் இரத்தமே இல்லை.

"அமல் அண்ணா?" என்றாள். நான் பதில் சொல்லுமுன்னே அவள் முகம் மாறியது. அந்த வெளிச்சத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை, காணவும் விரும்பவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "நீங்கள் தப்பிட்டீங்களோ? அப்ப எங்கட அண்ணையும் இருக்கிறாரோ? எங்க இருக்கிறார்?"

மார்ச்சிலிருந்து, நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்ல ஒரு மனிதரைத் தேடியவன் நான். ஊரிலிருந்து வந்து என்னைக் கண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான்.

"பார்டோன், மதாம்" என்றேன். நான் அவர் இல்லை, நீங்கள் ஆளை மாறி நினைத்துவிட்டீர்கள் என்று மிச்சத்தையும் பிரெஞ்சிலேயே சொன்னேன். அவளுக்கு விளங்கியிராது. ஆனால் அந்த மொழி என் வாயிலிருந்து வந்தது அவளுக்குப் போதுமாயிருந்தது. பிடித்திருந்த கையை மெதுவாக விட்டாள். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அவர் மாதிரியே இருந்தது" என்று தமிழில் சொல்லிவிட்டு, மேசைப் பக்கம் திரும்பி மெழுகுதிரிகளை ஏற்றத் தொடங்கினாள். ஏழு எரிந்தன. எட்டாவதை ஏற்றும்போது யாரோ வாசல் கதவைத் திறந்தார்கள், காற்று வந்து நெருப்பு சாய்ந்தது. நான் குனிந்து, அந்தத் திரி பற்றும்வரை இரண்டு கைகளாலும் மறைத்துப் பிடித்துக்கொண்டேன்.