முறுக்குக்கு எண்ணெய் தேய்த்த சனிக்கிழமை

கோமளத்தின் கையில் எந்தப் பொருளும் ரொம்ப நாள் தங்கியதில்லை. கல்யாணமாகி மயிலாப்பூருக்கு வந்த புதிதில் கோலமாவுக் கிண்ணத்தை நாத்தனார் வாங்கிக்கொண்டாள். புள்ளி கோணலாக விழுகிறதாம். அப்புறம் தையல் மிஷின் போயிற்று. அப்புறம் ஸ்கூட்டர். லஸ் முனையில் ஒரே ஒரு ஆட்டோவை, அதுவும் நின்றுகொண்டிருந்த ஆட்டோவை, லேசாக உரசியதற்கு அகத்துக்காரர் கோதண்டபாணி சாவியை வாங்கித் தன் பூணூலில் முடிந்துகொண்டார். யாரும் கோபமாகச் சொல்லவில்லை. "குடு கோமு, நான் பாத்துக்கறேன்" என்று பிரியமாகத்தான் சொன்னார்கள். ஐம்பத்தெட்டு வயதுக்குள் அவளுக்கே அது பழகிப்போய், ஊறுகாய் ஜாடியின் மூடி இறுக்கமாக இருந்தால் திருகிக்கூடப் பார்க்காமல் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் நீட்டிவிடுவாள்.

அப்படிப்பட்டவள் கையில் ஒரு மலைப்பாம்பு வந்து சேர்ந்தது.

மகள் யதுகிரி வளர்த்த பாம்பு அது. ஆப்பிரிக்க வம்சம், விஷமில்லாதது, முறைப்படி பதிவு செய்தது. பயந்தால் தலையை உள்ளே வைத்துச் சுருட்டிக்கொள்ளும். பார்க்கக் கைமுறுக்கு மாதிரி இருந்ததால் பெயரும் முறுக்கு என்றே ஆகிவிட்டது. யதுவுக்கு நெதர்லாந்தில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது, "அம்மா, முறுக்கை நீதான் பாத்துக்கணும். அப்பாவால முடியாது" என்றாள். அது வாஸ்தவம். அப்பா பாம்பைப் பார்த்தால் தரையில் நிற்கமாட்டார்.

கோமளத்துக்கும் பயம்தான். ஆனாலும் ஒரு பொருள் தன்னை நோக்கி நீட்டப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சரி என்று வாங்கிக்கொண்டுவிட்டாள். சைவக் குடும்பத்தில் உறைந்த எலிக்குஞ்சுகளுக்கென்று பால்கனியில் ஒரு குட்டி ஃபிரிட்ஜ் வந்தது. கோதண்டபாணி அந்தப் பக்கம் துணி உலர்த்துவதைக்கூட நிறுத்திவிட்டார்.

முறுக்கின் கண்ணாடிப் பெட்டி யதுவின் அறையில் இருந்தது. பெட்டியின் ஒரு பாதிக்கு அடியில் ஹீட் மேட் என்கிற கறுப்புத் தாள், மின்சாரத்தில் சூடேறுவது. அந்தச் சூட்டை அளந்து, போதும் என்றவுடன் மேட்டை அணைக்க ஒரு தெர்மோஸ்டாட். அதிலிருந்து ஒரு மெல்லிய வயர். வயர் நுனியில் மிளகு அளவில் சென்சார். யது அந்த மிளகைக் கண்ணாடிக்கும் மேட்டுக்கும் நடுவில் செருகி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

வீட்டு வேலைக்கு வரும் ஆரோக்கியமேரிக்கு இது முதலிலிருந்தே புரியவில்லை.

"இன்னா மாமி, மெட்ராஸ்ல பாம்புக்கு ஹீட்டரா? ரோட்ல வுட்டா அதுவே வெந்துக்கினு வரும்."

"இந்த ரூம்ல ஏ.சி. ஓடறதே, மேரி."

"அப்ப ஏ.சி.ய நிறுத்திட்டா ஹீட்டர் வேணாமே?"

"அதை மாமாகிட்ட சொல்லு."

வீட்டிலேயே நல்ல ஏ.சி. யதுவின் அறையில்தான். பங்குனி வெயில் ஏற ஏறக் கோதண்டபாணியின் பயம் இறங்கிவிட்டது. பாம்பு கண்ணில் படாமலிருக்கப் பெட்டி மேல் ஒரு பழைய வேஷ்டியைப் போட்டுவிட்டு, இருபதில் ஏ.சி.யை வைத்து, ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டு மத்தியானம் முழுக்கத் தூங்கினார்.

வருஷப் பிறப்புக்கு வீடு துடைத்தபோது மேரி பெட்டி வைத்த மேஜையை இழுத்தாள். சென்சார் வயர் நழுவிப் பின்னால் தொங்கியது. கோமளம் அதைக் கையில் எடுத்துப் பார்த்தாள். மகளைக் கேட்டிருக்கலாம். கேட்டால், "ஐயோ, என்னம்மா பண்ணினே" என்று ஆரம்பிக்கும். அது எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். ஜுரம் பார்க்கிற தெர்மாமீட்டரை வாய்க்குள்தானே வைக்கிறோம் என்று யோசித்து, மிளகைப் பெட்டிக்கு உள்ளே விட்டு, தண்ணீர்க் கிண்ணத்துக்குப் பக்கத்துச் சுவரில் செல்லோடேப் போட்டு ஒட்டினாள். மேட் இருப்பது இந்தக் கோடி, மிளகு இருப்பது அந்தக் கோடி. பார்க்க நறுவிசாகத்தான் இருந்தது.

அதிலிருந்து முறுக்கு சாப்பிடவில்லை. எலியை வெந்நீரில் இளக்கி, இடுக்கியால் பிடித்து ஆட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. தண்ணீர்க் கிண்ணத்தைக் கட்டிக்கொண்டு அந்த மூலையிலேயே கிடந்தது. தெர்மோஸ்டாட்டில் எண் ஏறவே இல்லை. குளிர்கிறது போலிருக்கிறது என்று கோமளம் குமிழை இன்னும் கொஞ்சம் திருகினாள். மறுநாளும் திருகினாள்.

யது வீடியோவில் வந்தாள். நெதர்லாந்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எலும்பு தெரியறதும்மா. எனக்கு வேலையே ஓடல."

"பசிச்சா சாப்பிடுமேடீ."

"அது சாப்பிடாதும்மா. பிடிவாதமாச் செத்துப்போகும். திருவான்மியூர்ல சித்தார்த்தன் இருக்கான் இல்லையா, என் ஃபிரண்டு, நாலு பாம்பு வெச்சிண்டிருக்கானே. வர வெள்ளிக்கிழமை வந்து எடுத்துண்டு போகச் சொல்லியிருக்கேன். நீ கஷ்டப்படாதே. அவன்கிட்ட குடுத்துடு, அவன் பாத்துப்பான்."

கோமளம் போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பெட்டிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். நாத்தனார் வாங்கிக்கொண்டபோது வராத அழுகை இப்போது வந்தது. பெற்ற பெண்ணும் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டாளே.

மறுநாள் சனிக்கிழமை மத்தியானம் அறைக்குள்ளிருந்து, "கோமூ" என்று ஒரு குரல். புருஷக் குரல் மாதிரியே இல்லை. அவளும் மேரியும் ஓடினார்கள். வேஷ்டி சரிந்து கீழே கிடந்தது. கோதண்டபாணி கட்டில் மேல், தலையணையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றிருந்தார். பெட்டிக்குள் முறுக்கு முறுகிக்கொண்டிருந்தது. சென்சார் வயர் சுவரிலிருந்து பிய்ந்து, டேப்போடு அதன் கழுத்துப் பக்கம் ஒட்டியிருந்தது. திமிறத் திமிற டேப் இன்னும் நன்றாகப் பிடித்தது.

"உள்ள கைய விடாதே. தீயணைப்புக்காராளக் கூப்பிடறேன்."

"வந்து தண்ணி பீச்சி அடிப்பாங்களா மாமா?" என்றாள் மேரி வாசற்படியிலிருந்து.

டேப்பைப் பிடித்து இழுத்தால் தோல் கையோடு வந்துவிடும். யது சின்ன வயதில் தலைமயிரில் பபிள் கம்மை அப்பிக்கொண்டு வந்தது கோமளத்துக்கு ஞாபகம் வந்தது. எண்ணெய் போட்டு ஊற வைத்துத்தான் அதை எடுத்தாள்.

"மேரி, எண்ணெய்க் கிண்ணத்தை எடு."

"எந்த எண்ணெய்?"

"இன்னிக்கு சனிக்கிழமை. நல்லெண்ணெய்தான்" என்றார் கட்டில் மேலிருந்து கோதண்டபாணி. பயத்திலும் சாஸ்திரம் விடவில்லை.

"பொட்டப் பாம்பு மாமா அது. அதுக்கு வெள்ளிக்கெழமதான."

"ஏதாவது ஒண்ணக் கொண்டு வாயேன்டீ" என்றாள் கோமளம்.

வந்தது தேங்காயெண்ணெய். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு கையையும் உள்ளே விட்டுப் பாம்பைத் தூக்கினாள். கொழகொழவென்று இருக்கும் என்று நினைத்திருந்தாள். பழகிய தோல் பர்ஸ் மாதிரி உலர்ந்து, மெத்தென்று இருந்தது. குளிர்ந்தும் இருந்தது. தூக்கியவுடன், இத்தனை வருஷப் பழக்கத்தில், திரும்பிப் பக்கத்திலிருப்பவர்களிடம் நீட்டினாள்.

மேரி கூடத்துக்கே போய்விட்டாள். கோதண்டபாணி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார். குடு என்று ஒருத்தரும் கை நீட்டவில்லை.

கோமளத்துக்கு அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பாம்பை மடியில் இருத்தி, விரலில் எண்ணெய் தொட்டு டேப்பின் ஓரத்தில் தடவினாள். குழந்தைக்கு உச்சியில் வைப்பது போல வைத்து, நீவி, ஊறவிட்டு, மறுபடி நீவினாள். முதலில் இறுக்கமாகச் சுருண்டிருந்த முறுக்கு மெல்ல நெகிழ்ந்து அவள் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. டேப் ஓரம் விட்டது. செதில் போகும் திசையிலேயே இழுத்தாள். ஒரு செதிலும் கூட வராமல் வயரும் டேப்பும் கழன்று வந்தன.

வெதுவெதுப்பான ஈரத் துணியால் எண்ணெயைத் துடைத்தாள். திரும்ப உள்ளே விடும்போது முழங்கை பெட்டியின் இந்தக் கோடித் தரையில் பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

தோசைக்கல்.

மறுபடி கையை வைத்துப் பார்த்தாள். மேட் இருக்கும் பக்கம் கொதித்தது. தண்ணீர்க் கிண்ணத்துப் பக்கம், ஏ.சி.யின் நேர்க்காற்றில், பானைத் தண்ணீராகச் சில்லிட்டது. விஷயம் அப்போதுதான் உறைத்தது. மிளகை ஒட்டியது குளிர்ந்த கோடியில். அது 'குளிர்கிறது, குளிர்கிறது' என்று சொல்லச் சொல்ல, மேட் அணையாமல் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. இவளும் குமிழைத் திருகித் திருகி நெருப்பைக் கூட்டியிருக்கிறாள். ரசத்தை ருசி பார்த்துவிட்டுச் சாம்பாருக்கு உப்புப் போட்ட கதை. பாவம் முறுக்கு, ஒரு பக்கம் அடுப்பு, ஒரு பக்கம் பனி; எங்கே போய்ப் பசிக்கும்?

"மேரி, வா, மேஜையைப் பிடி."

மேட்டின் நட்டநடுவில் மிளகை வைத்து, கண்ணாடிக்கு வெளியே, அடிப்பக்கத்திலிருந்து டேப் போட்டாள். இனி உள்ளே டேப் ஒரு துண்டுகூடக் கிடையாது. குமிழைப் பழைய இடத்துக்கே திருப்பினாள். அடியில் ஒரு சூடு, மேலே பாம்பின் வயிறு படும் இடத்தில் ஒரு சூடாக இருக்குமே என்று சந்தேகம் வந்தது. மீன் தொட்டிக்குப் போடுகிற தெர்மாமீட்டர் ஒன்று யதுவின் அலமாரியில் இருந்தது. அதன் நுனியை உள்ளே தரையில் படுக்கவிட்டு, பாம்பு அசைக்காதபடி மேலே ஒரு ஓட்டுத் துண்டை வைத்தாள். ஒரு எண் காட்டியது. குமிழைத் துளி திருகினாள், பொறுத்திருந்து பார்த்தாள், இன்னொரு துளி. தையல் மிஷினில் நூல் இழுப்புச் சரிபார்ப்பது இப்படித்தான். கை மறந்திருக்கவில்லை.

அப்புறம் கட்டிலுக்குப் போய்த் தலையணைக்கு அடியிலிருந்து ரிமோட்டை எடுத்தாள்.

"ஏன்னா, இனிமே நீங்க நம்ம ரூம்லயே படுத்துக்கோங்கோ."

"அங்க ஏ.சி. மிஷின் மாதிரியா சத்தம் போடறது, லாரி மாதிரின்னா?"

"லாரி கடிக்காது."

அவர் இன்னும் கட்டிலை விட்டு இறங்கியிருக்கவில்லை.

முறுக்கு முதலில் நம்பவில்லை. மூலையிலிருந்து தலையை மட்டும் நீட்டி நாக்கால் தரையைத் துழாவிப் பார்த்தது. வாரம் பாதி போவதற்குள் இந்தக் கோடிக்கு வந்து, ஒளிந்துகொள்ளக் கவிழ்த்துப் போட்ட உடைந்த பூந்தொட்டிக்குள் புகுந்து படுத்துக்கொண்டது. வியாழக்கிழமை சாயந்திரம் கோமளம் பழைய டவராவில் எலியை இளக்கி, துடைத்து, இடுக்கியில் பிடித்துத் தொட்டி வாயருகே நீட்டினாள். நாக்கு வந்தது, போயிற்று. தலை வந்தது. அடுத்து என்ன நடந்ததென்று அவள் கண்ணுக்குத் தெரியவில்லை. இடுக்கி காலியாக இருந்தது, முறுக்கு எலியைச் சுற்றி முறுக்காக இருந்தது.

"சாப்டுச்சா?" என்றாள் மேரி கூடத்திலிருந்து.

"பந்தி நடந்துண்டிருக்கு. சத்தம் போடாதே."

வெள்ளிக்கிழமை சித்தார்த்தன் வந்தான். ஒரு கையில் ஹெல்மெட், ஒரு கையில் பாம்பு எடுத்துப் போகத் தலையணை உறை. கண்ணாடிக்கு முன் குனிந்தவன் அப்படியே நின்றுவிட்டான். முறுக்கின் நடுவயிறு உருண்டு திரண்டிருந்தது.

"ஆன்ட்டி, எப்ப ஊட்டினீங்க?"

"நேத்திக்கி."

"அப்ப இப்ப எடுக்கவே கூடாது. தூக்கினா கக்கிடும்." பையிலிருந்து துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டரை எடுத்துத் தரையில் காட்டினான். இன்னொரு கோடியிலும் காட்டினான். "ரெண்டு பக்கமும் கரெக்டா இருக்கு. சென்சார் யார் வெச்சது?"

"முதல்ல தப்பா வெச்சதும் நான்தான், அப்புறம் சரியா வெச்சதும் நான்தான்."

யது வீடியோவில் காத்திருந்தாள். அவன் போனைப் பெட்டிக்கு எதிரே பிடித்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கோமளம் போனை வாங்கி, வயர் நழுவியது, டேப், எண்ணெய், தோசைக்கல் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள்.

"ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொன்னா நீங்கள்லாம் வாங்கிண்டிருப்பேளே."

யது, "சித்துவைக் காபி சாப்ட்டுட்டுப் போகச் சொல்லும்மா" என்றாள். தலையணை உறையை அவன் மடித்துப் பைக்குள் வைத்தான்.

வாசலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே அவன் கேட்டான். "ஆன்ட்டி, அடுத்த மாசம் நான் ஊருக்குப் போறேன். என்னோடதையும் இங்க விட்டுட்டுப் போகலாமா?"

உள்ளேயிருந்து ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. கோதண்டபாணியாகத்தான் இருக்கும்.

"எல்லாத்தையும் கொண்டு வா" என்றாள் கோமளம்.

அன்று மத்தியானம் தங்கள் அறை ஏ.சி.யின் லாரிச் சத்தம் தாங்காமல் கோதண்டபாணி கூடம் முழுக்க யது அறை ரிமோட்டைத் தேடினார். சோபா இடுக்கு, பூஜை அலமாரி, அரிசி டின் எல்லாம் பார்த்தாயிற்று.

"கோமு, அந்த ரிமோட்டை எங்க வெச்சே?"

அவள் ஊஞ்சலில் உட்கார்ந்து இறுக்கமான ஊறுகாய் ஜாடி ஒன்றைத் திருகிக்கொண்டிருந்தாள். மூடி நகர்ந்துவிட்டது.

"பால்கனி ஃபிரிட்ஜுல இருக்கு. எலிக்குப் பக்கத்துல. வேணும்னா போய் எடுத்துக்கோங்கோளேன்."