தாழ்ப்பாள் திறந்து போட்ட பக்கம்

அலுவலகத்தில் அவளுக்குத் 'தாழ்ப்பாள்' என்று பட்டப்பெயர். வைத்தவர்கள் பொய் சொல்லவில்லை. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போவாள். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். மறுபடி போவாள், மறுபடி வருவாள். மூன்று தடவை பார்த்தால்தான் பஸ் ஏறுவாள். "பூட்டு கையோட வந்துடப் போவுது, விடு," என்பார் கணவர். எங்கேயும் இருப்புக் கொள்ளாத அந்த மனசுக்கு ஏற்ற வேலைதான் வாய்த்திருந்தது. ஒன்பது கிளைகள் உள்ள கண் மருத்துவமனையின் இணையப் பக்கங்களில் ஏதாவது திறந்து கிடக்கிறதா என்று ஒரு கண்காணிப்புச் சேவை இராப்பகலாக நோட்டம் விடும். அது கத்தினால் இவள் ஓட வேண்டும்.

அன்று காலை அந்தச் சேவையைப் புதுப்பித்திருந்தார்கள். ஒரே மாதிரியான எச்சரிக்கைகளை இனி ஒன்றாகச் சேர்த்துக் காட்டுமாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் பொறுப்பாளர் பெயர் போட்டாக வேண்டுமாம். முன்பு யாராவது 'இதைப் பார்க்காதே' என்று அதன் வாயை அடைத்து வைத்திருந்தால், அதெல்லாம் இனிச் செல்லாதாம். முதல் இரண்டுக்கும் தலையாட்டினாள். மூன்றாவது தன் வேலையைக் காட்டிவிட்டது. பட்டியலின் உச்சியில் சிவப்பாக ஒரு பக்கம் வந்து நின்றது: முன்பதிவு, ஒத்திகை. நாற்பது நோயாளிகளின் பெயரும் போன் நம்பரும் ஆறு வருடமாக யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்திருக்கின்றன. பொறுப்பாளர்: தெரியவில்லை.

முதல் வேலையாகப் பக்கத்தை மூடினாள். அதற்குள் மேனேஜர் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"அந்த சோடாபுட்டி வேலையாத்தான் இருக்கும். அப்பல்லாம் அவர்தானே இதையெல்லாம் பாத்துட்டிருந்தாரு."

சோடாபுட்டி அவளோடு வேலை பார்த்து, போன வருடம் விலகியவர். இரண்டு பெண்பிள்ளைகளின் அப்பா. பல மாதம் அலைந்து இப்போதுதான் ஓரிடத்தில் வேலை கூடி வந்திருந்தது. அங்கிருந்து ஆள் எப்படி என்று கேட்டு மேனேஜருக்குக் கடிதம் வந்திருந்தது.

"நல்லவேளை, இன்னும் பதில் போடல. சாயங்காலம் இதையும் சேத்து எழுதிடறேன்," என்று போய்விட்டார்.

அந்தப் பக்கம் அவளுடையது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், நாற்பது பொய்ப் பெயர்களை யோசிக்கச் சோம்பல்பட்டு, நிஜ நோயாளிகளின் பெயர்களையே கொட்டி, முன்பதிவு நடக்கிறதா என்று ஒத்திகை பார்த்தாள். சேவை விடாமல் கத்தியது. சாப்பிட்டு வந்து பெயர்களை எடுத்துவிடலாம் என்று அதன் வாயை அடைத்தாள். அந்தச் சாப்பாடு ஆறு வருடம் நீண்டுவிட்டது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்பார்களே, அதேதான்.

தன் வாயை அடைத்தது யார் என்று பழைய சேவை குறித்து வைக்கவில்லை. அவள் சொன்னால்தான் உண்டு. தண்ணீர் குடிக்க எழுந்தாள், குடிக்காமல் வந்தாள். காரணமில்லாமல் மாடிப்படி ஏறி இறங்கினாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து அப்படியே மூடினாள். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. மூன்று மணிக்குச் சோடாபுட்டியே போன் செய்தார்.

"மேடம், லெட்டர் போயிடுச்சான்னு சாரைக் கேட்டுச் சொல்றீங்களா? வீட்டுல தெனமும் கேக்கறாங்க."

"இருங்க, இப்பவே கேக்கறேன்," என்று வைத்தாள். 'தெரியவில்லை' என்றிருந்த பொறுப்பாளர் கட்டத்தில் தன் பெயரைத் தட்டினாள். எழுந்து மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், அந்தப் பக்கம் என்னுது."

"எங்கயும் பேரு இல்லையே."

"இப்ப இருக்கு. போட்டுட்டுத்தான் வரேன்."

மேனேஜர் எழுதிக்கொண்டிருந்த தாளைக் கசக்கினார். "அவருக்கு நல்லபடியா வேற எழுதிடறேன். உங்க விஷயத்துல மேல என்ன சொல்வாங்களோ, எனக்குத் தெரியாது. மொதல்ல அந்த நாப்பது பேருக்கும் நீங்களே போன் பண்ணிச் சொல்லுங்க."

முதல் நம்பரில் ஒரு பெரியவர் எடுத்தார். விஷயத்தைச் சொல்லி முடித்தாள்.

"யாரும்மா அப்படித் தெறந்து போட்டது?"

"நான்தாங்க."

"இப்ப மூடியாச்சா?"

"மூடிட்டேங்க."

"நல்லாப் பாத்தியா?"

"மூணு தடவ பாத்தேங்க," என்றாள்.