வக்கீல் கேட்ட வேகக் குறைப்பு

கடைத்தெருவில் அவருக்கு ஆமை டாக்டர் என்று பெயர். ஆமைபோல ஊரும் கணினிகளை அவர் மேசையில் கொண்டுவந்து கிடத்துவார்கள். எழுந்து ஓடவைத்து அனுப்புவார். மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிய கடை. உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாமவர் நின்றபடிதான் பேச வேண்டும்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரே வகை மடிக்கணினி இரண்டு வந்தால் அவற்றை அருகருகே வைத்து ஒன்றாகவே பிரிப்பார். ஒன்றைப் பார்த்து மற்றதைப் பூட்டலாம், எந்தத் திருகாணி எந்தத் துளைக்கு என்று மண்டையைக் குடைய வேண்டாம் என்பார்.

அன்று வந்தவை ஒரே கம்பெனி, ஒரே உருவம். ஒன்று ஒரு வக்கீலுடைய உயர்ந்த ரகம்; சார்ஜர் சொருகும் வாய் உடைந்திருந்தது. மற்றது டாக்டரின் அக்காவுடைய மலிவு ரகம். அக்கா கட்டடங்களுக்குப் படம் வரைபவர். புதிய நூலகம் கட்டப்போகிறவர்களுக்கு, உள்ளே நடந்து பார்ப்பதுபோல அதைத் திரையில் காட்டவேண்டும். வெள்ளிக்கிழமை கூட்டம். பிடித்துப்போனால் நூலக வேலை முழுவதும் அவருக்கு. கணினியோ, ஓரடி எடுத்துவைப்பதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும்.

"நீ சொல்லித்தானேடா வாங்கினேன்? 'ரெண்டும் ஒண்ணுதான்க்கா, எதுக்கு வீண் செலவு'ன்னு அடிச்சுச் சொன்ன. இப்ப வாசப்படியிலயே திக்கித் திணறுது."

"தூசு அடைச்சிருக்கும்க்கா. துடைச்சுத் தரேன்."

"துடைச்சும் ஓடலைன்னா நீ ஓட வேண்டியிருக்கும், பாத்துக்க."

வக்கீலுடையதற்குப் புது வாய் வைத்துப் பற்றவைத்தார். அக்காவுடையதைத் துடைத்தார். இரண்டையும் பூட்டி, மறக்காமல் அவரவர் கோப்புகள் இருக்கும் வட்டுகளைப் பொருத்தி, அன்றே கொடுத்தனுப்பினார்.

மறுநாள் அக்கா கணினியை இடுக்கிக்கொண்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னடா செஞ்ச? குதிரை மாதிரிப் பறக்குதே!"

"கைராசிக்கா," என்றார் டாக்டர். ஆனால் உள்ளுக்குள் உறுத்தியது. தூசு துடைத்து எந்த ஆமையும் குதிரையானதில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தார். அக்காவின் பெட்டிக்குள், அவர் கையால் பற்றவைத்த புது வாய் பளபளத்தது.

சில்லுகளும் வாயும் பதித்த வக்கீலின் பலகையை அக்காவின் பெட்டியிலும் அக்காவின் பலகையை வக்கீலின் பெட்டியிலும் பூட்டியிருக்கிறார்.

"அக்கா, இது உன்னோடது இல்ல. திருப்பிக் கொடுத்தாகணும்."

அக்காவின் சிரிப்பு அப்படியே நின்றது. "கொடுத்துட்டு? வெள்ளிக்கிழமை நான் என்னத்தைக் காட்டுறது, உன் மூஞ்சியையா?"

டாக்டர் வக்கீலைத் தொலைபேசியில் பிடித்தார். "கணினியோட கொஞ்சம் வர முடியுமா சார்?"

"நானே உங்களைப் பாக்கணும்னு இருந்தேன்," என்று வைத்துவிட்டார் வக்கீல். திட்டத்தான் வருகிறார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

வக்கீல் வந்ததும், ஒளிக்காமல் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிறகு இரண்டு பலகைகளையும் வெளியே எடுத்து விளக்கடியில் வைத்தார். புது வாயைத் தவிர எள்ளளவு வித்தியாசம் இல்லை. அதே மூளைச் சில்லு, அதே நினைவகம். பிறகு எப்படி ஒன்று பறந்து ஒன்று ஊர்கிறது? கணினியை எழுப்பிவிடும் சிறிய சில்லு ஒன்று இரண்டிலும் இருந்தது. அதிலிருந்த நிரலை இரண்டிலிருந்தும் படித்து ஒப்பிட்டார். மலிவு ரகத்தில் மட்டும் ஒரு கட்டளை: பாதி மின்சாரத்துக்கு மேல் இழுக்காதே.

"ஒரே குதிரைதான்க்கா. உன்னோடதுக்கு மட்டும் காலைக் கட்டி வித்திருக்கான்."

"அநியாயமா இருக்கே! கட்டுறதுக்கும் ஒரு ஆள் உக்காந்து வேலை செஞ்சிருப்பானே?" என்றார் அக்கா. "அவிழ்த்துவிடேன்டா!"

டாக்டர் பலகைகளை உரிய பெட்டிகளில் மாட்டினார். வக்கீலின் நிரலை அக்காவின் சில்லில் ஏற்றினார். திரையில் நூலகம் திறந்தது. படியேறி, அலமாரிகளுக்கு நடுவே தங்குதடையின்றி நடந்தது. அக்கா பெருமூச்சு விட்டார்.

"என்னோடது?" என்றார் வக்கீல்.

"பழையபடி முழு வேகம் சார். கவலையே வேண்டாம்."

"அதாங்க கவலை. வாங்கின நாள்லேர்ந்து அதுக்குள்ள விசிறி உர்ருன்னு கத்தும், மடி சுடும். நேத்துதான் சத்தமில்லாம, ஜில்லுன்னு இருந்துது. உங்களுக்கு நன்றி சொல்லத்தான் கிளம்பினேன். அந்த அம்மாவோடதுல இருந்த கால்கட்டை என்னோடதுக்குப் போட்டுவிடுங்க."

"சார், கூடக் காசு கொடுத்து வாங்கியிருக்கீங்க!"

"நான் அடிக்கிறது மனு. அதுக்கு எதுக்குங்க குதிரை?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அக்காவின் பழைய நிரலை வக்கீலின் சில்லில் ஏற்றினார். விசிறி அடங்கியது. வக்கீல் பெட்டியில் காதை வைத்துக் கேட்டு, திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அக்கா கடைக்கு வந்தார். கூட்டத்தில் ஒரு பெரியவர் ஜன்னலோர நாற்காலியிலிருந்து வெளியே பார்க்க ஆசைப்பட்டாராம். கேட்டதும் அக்கா திரையில் அங்கேயே கொண்டுபோய் நிறுத்தினாராம். நூலக வேலை அக்காவுக்கே என்று முடிவாகிவிட்டது.

"பாத்தியா, ரெண்டும் ஒண்ணுதான்னு அன்னிக்கே சொன்னேன்ல?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார் டாக்டர்.

"கிழிச்ச. அடுத்த தடவை வாங்கும்போது உன்னைக் கேக்கப்போறதில்ல."

"பின்ன யாரைக் கேப்ப?"

"வக்கீலை. தனக்கு என்ன வேணும்னு அவருக்குத்தான்டா தெரியுது."